பந்தி விசாரணை: ஓர் அசனச் சமையல் சேவையைப் பற்றி

எங்கள் சேகரத்தின், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கும் சபைகளின், அசனப் பண்டிகைக்குக் கடந்த மூன்று ஆண்டுகளாகச் சமைத்துத் தருகிறவர்கள் பக்கத்து நகரத்தைச் சேர்ந்த ஒரு சமையல் குழுவினர். அவர்களைப் பற்றி விசாரித்து மற்ற சேகரங்களின் குருமார்களும் கமிட்டியாரும் எனக்கு அடிக்கடி தொலைபேசியில் பேசுகிறார்கள். கறி எப்படி இருக்கும், இலைக்கு எவ்வளவு கேட்பார்கள், சொன்ன நேரத்துக்குப் பந்தி போடுவார்களா என்ற மூன்று கேள்விகளைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். மூன்றுக்கும் நல்ல பதிலே என்னிடம் உண்டு. ஆனாலும் அதோடு நிறுத்திக்கொண்டால் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன் என்பதால் விரிவாகவே எழுதிவிடலாம் என்று நினைத்தேன். குழுவின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி எங்களுடையவை, மீதி இந்தத் தொழிலுக்கே பொதுவானவை.

அசனம் என்பதைத் தென்மாவட்டத்துக்கு வெளியே இருப்பவர்கள் எழுத்துப்பிழை என்று நினைத்து ‘ஆசனம்’ என்று திருத்திவிடுவதுண்டு; சென்னையில் அச்சடித்த எங்கள் அழைப்பிதழ் ஒன்றிலேயே அப்படி நடந்திருக்கிறது. அசனம் என்றால் உணவு. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துத் திருச்சபைகளில் ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையை ஒட்டி, ஊரே கூடி ஒரே அடுப்பில் சமைத்து ஒரே பந்தியில் உண்ணும் விருந்துக்கு அந்தப் பெயர். எங்கள் சேகரத்தில் அது மே மாதத்தில் வரும். மும்பையிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை பார்ப்பவர்கள் பிள்ளைகளின் விடுமுறைக்கு ஊர் வந்திருக்கும் நேரம் அது. சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, இரசம், மோர் என்பவற்றோடு பந்தி முடிந்துவிடும். கூட்டு, பொரியல், இனிப்பு எதுவும் கிடையாது, இருக்கவும் வேண்டாம் என்பது என் கட்சி.

நான் குருப்பட்டம் பெற்று 22 ஆண்டுகள் ஆகின்றன. அவற்றில் முதல் 19 ஆண்டுகளும், நான் இருந்த எந்தச் சேகரத்திலும், அசனத்தை ஊராரே சமைத்துத்தான் பார்த்திருக்கிறேன். முந்தின நாள் இரவு ஆலய வளாகத்தில் குழல் விளக்குகளைக் கட்டி, கோட்டை அடுப்பு வெட்டி, உடைமர விறகை அடுக்கியிருப்பார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிப்பார்கள். அந்த வட்டத்தின் பக்கமாக ஒரு குருவானவர் சும்மா இரண்டு முறை நடந்து போனால் போதும், ஆறு மாதம் வீடு வீடாகச் சந்தித்தும் தெரியாத செய்திகள் அவர் காதில் விழுந்துவிடும். யார் யாரோடு பேசுவதில்லை, எந்த வீட்டில் பெண்ணுக்கு வரன் தட்டிப்போயிற்று, எந்த வீட்டில் பையன் குடிக்கத் தொடங்கியிருக்கிறான் என்பதெல்லாம் வெங்காயக் கண்ணீரோடு சேர்ந்து வெளியே வரும். வெங்காயம் ஒரு வசதி. அழுகிறவர் எதற்காக அழுகிறார் என்று யாரும் கேட்கத் தேவையில்லை.

ஆனால் அந்தச் சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன். ஓர் ஆண்டு சோறு குழைந்தது, மறு ஆண்டு குழம்பு அடிப்பிடித்தது. உப்பு விஷயத்தில் மூன்று பேர் ஆளுக்கொரு முறை போட்ட ஆண்டும் உண்டு. மதியம் ஒரு மணிக்கு என்று அறிவித்த பந்தி மூன்றரை மணிக்குத் தொடங்கும். அதுவரை பிள்ளைகள் பசியில் அழுதுகொண்டிருப்பார்கள். சமைக்கத் தெரிந்த தலைமுறையும் தளர்ந்துபோயிற்று. அண்டாவைத் தூக்கி இறக்கக்கூடிய வாலிபர்கள் திருப்பூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். கடைசியாக நாங்களே சமைத்த ஆண்டில் வடிகஞ்சி காலில் கொட்டி ஒரு பெரியவர் இரண்டு மாதம் படுத்துவிட்டார். அந்த ஆண்டுக் கணக்கு வாசித்த கூட்டத்தில், இனிமேல் வெளி ஆட்களிடம் கொடுத்துவிடலாம் என்று தீர்மானித்தோம். அதற்குக் கையைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

முதலில் சமையலைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் குழுவை அதற்காகத்தான் பரிந்துரைக்கிறேன். மாஸ்டர் விருதுநகர்ப் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். இரவு பதினோரு மணிக்கு 12 ஆட்களோடும் ஒரு சிறிய வண்டி நிறையப் பாத்திரங்களோடும் வந்து இறங்கினார். இறங்கியதும் அடுப்பைப் பார்க்கவில்லை, தண்ணீரைத்தான் பார்த்தார். எங்கள் தேரிக்காட்டு ஊரில் ஒரு ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு, இன்னொன்று தித்திப்பு. இரண்டையும் கையில் ஏந்தி வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, பாத்திரம் கழுவ ஒன்று, உலைக்கு ஒன்று என்று அந்த நிமிடமே பிரித்துவிட்டார். கறியைக் கழுவிய பிறகு மஞ்சளும் உப்பும் போட்டுத் தனியே வேகவைத்து, எலும்புச் சாறு இறங்கிய பிறகுதான் மசாலாவைச் சேர்த்தார். மல்லியும் மிளகாய் வற்றலும் எங்களிடம் வாங்கச் சொல்லாமல் அவரே வறுத்து அரைத்துக் கொண்டுவந்திருந்தார். தேங்காயை மட்டும் எங்கள் ஊர்த் தேங்காயாகக் கேட்டார். குழம்பைக் கரண்டியால் ருசி பார்க்கவில்லை. அகப்பை நுனியிலிருந்து ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு, அது எப்படி ஓடுகிறது என்று விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, பிறகு நக்கினார். கையில் நிற்காத குழம்பு சோற்றிலும் நிற்காது என்பது அவர் கணக்கு.

அந்தக் குழம்பின் மேல் மிதந்த எண்ணெய் மிளகாய்ச் சிவப்பாக இல்லாமல் மல்லியின் பழுப்பு நிறத்தில் இருந்தது. கறி எலும்பை விட்டு வந்தது, ஆனால் நாராகவில்லை. 1,400 பேருக்கான சோற்றில் ஒரு பருக்கைகூடக் குழையவில்லை. சோற்றை வடித்து, கழுவிய ஓலைப்பாயின் மேல் வெள்ளைத் துணி விரித்து மலையாகக் குவித்தபோது, வந்திருந்த சிறுவன் ஒருவன் அதன்மேல் ஏற முயன்று அடி வாங்கினான். இரசத்தைப் பற்றி மட்டும் குறை சொல்ல வேண்டும். கல்யாண வீட்டு இரசம்போல் பெருங்காயம் தூக்கலாக இருந்தது. கறிக்குழம்புக்குப் பின் வரும் இரசத்தில் மிளகுதான் முன்னே நிற்க வேண்டும். அடுத்த ஆண்டு சொன்னோம், திருத்திக்கொண்டார்.

நேரம், சுத்தம் இரண்டிலும் எனக்குக் குறையில்லை. பன்னிரண்டரைக்கு என்று சொல்லிப் பன்னிரண்டு நாற்பதுக்கு முதல் இலை விழுந்தது. ஏரல் பக்கத்திலிருந்து வாழையிலை, தண்ணீர் ஊற்றக் குவளை, கை கழுவக் குழாய் என்று எல்லாம் அவர்கள் பொறுப்பு. சீருடை அணிந்த பையன்கள் வரிசையாக வந்து பரிமாறினார்கள். நாலு பந்தியும் இரண்டே மணி நேரத்தில் முடிந்தது. எல்லாம் சேர்த்து இலைக்கு 220 ரூபாய் என்று பேசியிருந்தோம். பேசியதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை. மாலையில் வளாகத்தைக் கூட்டிக் கழுவிவிட்டுத்தான் வண்டி ஏறினார்கள். அன்று இரவு எங்கள் சேகரச் செயலர், தம் வாழ்நாளில் முதல் முறையாக அசனத்தன்று மத்தியானம் தூங்கினேன் என்று என்னிடம் சொன்னார்.

இனி குறைக்கு வருகிறேன்.

இலைக் கணக்கில் கூலி பேசும் எவரும் முதலில் எத்தனை இலை என்று கேட்பார்கள். அது நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்ல நாங்கள் டோக்கன் அச்சடித்தோம். 260 குடும்பம், குடும்பத்துக்கு 1,000 ரூபாய் வரி, வரி கட்டிய வீட்டுக்கு ஐந்து டோக்கன், விருந்தினருக்கென்று ஒரு நூறு. பந்தி வாசலில் சீருடைப் பையன் ஒருவன் நின்று டோக்கனை வாங்கிக் கிழித்துப்போட்டு உள்ளே விட்டான். நெரிசல் இல்லை, முண்டியடிப்பு இல்லை, கணக்கில் ஓர் இலை பிசகவில்லை. இவ்வளவு ஒழுங்கை நான் எங்கள் சபையில் கண்டதில்லை என்று அன்றைக்கு மெச்சிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து வீடு சந்திப்புக்குப் போனபோது, பனைநார்க் கட்டில் பின்னிக்கொண்டிருந்த ஒரு கைம்பெண்ணிடம், அசனத்தில் உங்களைப் பார்த்த நினைவில்லையே அம்மா என்று பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் நாரை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே, “டோக்கன் இல்லாம எப்படிய்யா வாறது?” என்றார். கோபமில்லை, குறையும் இல்லை. பஸ்ஸில் சீட்டு இல்லாமல் எப்படி ஏறுவது என்று கேட்பதைப்போல் கேட்டார். 40 ஆண்டுகளாக அந்த அசனத்துக்கு வெங்காயம் உரித்தவர் அவர். வரி கட்ட முடியாதவர்களுக்கு விலக்கு உண்டு என்பது எங்கள் குறிப்பேட்டில் இருக்கிறது. அதற்கு அவர் வந்து கேட்க வேண்டும் என்பதுதான் சிக்கல். பழைய முறையில் கேட்க வேண்டிய தேவையே இல்லாதிருந்தது. முந்தின இரவே வந்து உட்கார்ந்துவிட்டவரை மறுநாள் பந்தியில் யார் எழுப்ப முடியும்? பிறகு விசாரித்துப் பார்த்ததில் அவரைப்போல இன்னும் பதினொரு வீடுகள் இருந்தன. எங்கள் சபையில் நடக்கும் ஒரே விருந்துக்குப் பன்னிரண்டு வீட்டார் வரவில்லை என்பது, அந்த வாசலில் நின்று ஆசீர்வாத ஜெபம் பண்ணிய எனக்குத் தெரியாது.

சமையல்காரர்களுக்கும் தெரியாது, தெரிந்திருக்க நியாயமில்லை. அவர்கள் வந்தவர்களை எண்ணினார்கள். வராதவர்களை எண்ணும் வேலை அவர்களுடையதன்று.

அன்றிரவு அப்போஸ்தலருடைய நடபடிகளின் 6ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாட உணவுப் பங்கீட்டில் விடுபட்டுப்போக, அவர்களைச் சேர்ந்தவர்கள் முறுமுறுத்தார்கள் என்று அது தொடங்குகிறது. திருச்சபை வரலாற்றின் முதல் உட்பூசல், கவனியுங்கள், உபதேசத்தைப் பற்றியதன்று, சாப்பாட்டைப் பற்றியது. மூல மொழியில் அங்கே இருப்பது ‘மேசைகளுக்குப் பணிவிடை செய்தல்’ என்ற பொருளுடைய சொல்தான். நம் தமிழ் வேதாகமமோ அதைப் ‘பந்திவிசாரணை’ என்று சொல்கிறது. சிறுவயதிலிருந்து நூறு முறை வாசித்த அந்தச் சொல்லின் பின்பாதியை அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். பரிமாறுவது வேறு, விசாரிப்பது வேறு. கிராமத்துக் கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர் கையில் அகப்பையே இருக்காது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, எந்த இலைக்கு என்ன வரவில்லை, யார் பாதியில் எழுந்தார், சம்பந்தி வீட்டுப் பெரியவர் இன்னும் உட்காரவில்லையே ஏன் என்று பார்த்துக்கொண்டே வருவார். பெயர்த்தவர்கள் அந்தப் பெரியவரைப் பார்த்துத்தான் அந்தச் சொல்லை எடுத்திருக்க வேண்டும் என்று நான் நம்ப விரும்புகிறேன்.

பந்திவிசாரணை தங்கள் வேலையன்று என்று சொல்லி, அப்போஸ்தலர் பன்னிருவரும் அதற்கு ஏழு பேரைத் தேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். எங்களைப் போன்ற குருமார் தப்பித்துக்கொள்ளப் பயன்படுத்தும் வசனம் இது, நானும் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் அந்த ஏழு பேரின் பெயர்களையும் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். முறுமுறுத்தவர்கள் தரப்பிலிருந்தே ஆட்களை எடுத்துப் பந்தியை அவர்கள் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. இரண்டாம் ஆண்டுக்கான யோசனை எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

ஒரு நேரச் சாப்பாட்டுக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று கேட்பவர்களுக்கு எங்கள் பகுதியின் கதையைச் சொல்ல வேண்டும். துன்புறுத்தலுக்கு ஆளாகி வீடிழந்த கிறிஸ்தவர்களுக்கென்று 1799இல் நிலம் வாங்கி உண்டாக்கிய முதலூரில் தொடங்கி, இங்கே பல ஊர்கள் வேறு வேறு இடங்களிலிருந்து வந்து சேர்ந்தவர்களால் ஆனவை. பாளையங்கோட்டையில் ஊழியம் செய்த இரேனியுஸ் ஐயர் 1830இல் தர்மசங்கம் என்ற ஒன்றை ஏற்படுத்தியதே இப்படிப்பட்ட ஊர்களுக்கு நிலம் வாங்குவதற்காகத்தான். வந்து சேர்ந்தவர்கள் ஜெபத்தில் சேர்ந்து முழங்கால் இட்டது எளிதில் நடந்தது. சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தது அவ்வளவு எளிதில் நடக்கவில்லை. தமிழகத்துத் திருச்சபைகளில் சாதிப் பாகுபாடு ஒழிய வேண்டும் என்று பேராயர் தானியேல் வில்சன் 1833இல் எழுதிய சுற்றறிக்கைக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்தில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அமெரிக்க மதுரை மிஷன் 1847இல், சாதியை விட்டவர்கள் என்று வாயால் சொன்னால் போதாது, எல்லோரோடும் ஒரு பந்தியில் உட்கார்ந்து உண்டு காட்ட வேண்டும் என்று கேட்டபோது, சபையைவிட்டு விலகி நின்றவர்களில் உபதேசிமாரே இருந்தார்கள். ஆகவே ஓலைப்பாயில் குவித்த ஒரே சோற்றிலிருந்து எல்லோர் இலைக்கும் எடுத்து வைப்பது எங்களுக்குச் சமையல் வசதி மட்டுமன்று. கல்லறைத் தோட்டத்திலும் சபைத் தேர்தலிலும் நாங்கள் இன்னும் அந்தப் பழைய நோயிலிருந்து முழுதாக எழுந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இன்னொருவரையும் நினைத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்து, பின்னாளில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகத் தோர்னக்கல் சென்ற அசரியா, 1910இல் எடின்பரோ மாநாட்டில் மேல்நாட்டு மிஷனரிகளைப் பார்த்து, ஏழைகளுக்கு உணவளிக்க உங்கள் பொருளையெல்லாம் தந்தீர்கள், இனி எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். சோறு போடுவதற்கும் கூட உட்காருவதற்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை எங்கள் ஊர்க்காரர் ஒருவர் நூறாண்டுக்கு முன்பே உலகத்துக்குச் சொல்லியிருக்க, நான் டோக்கன் அச்சடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் ஆண்டு மாஸ்டரை வரவழைத்துப் பேசினோம். டோக்கன் கிடையாது, வரி கிடையாது என்று முடிவு செய்திருந்தோம். ஒவ்வொரு வீட்டாரும் முந்தின ஞாயிறு ஆராதனைக்கு வரும்போது மூடிய பாத்திரத்தில் முடிந்த அளவு அரிசி கொண்டுவந்து ஒரே குவியலில் கொட்ட வேண்டும். ஒரு படியா, ஒரு மூட்டையா, ஒரு கைப்பிடியா என்பது கொட்டுகிறவருக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரியும். கறிக்கும் பிற செலவுக்கும் காணிக்கைப் பெட்டி. வெங்காயம் ஊரார் உரிப்பார்கள், பந்தியும் ஊராரே பரிமாறுவார்கள், அடுப்பு மட்டும் மாஸ்டருடையது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாஸ்டர், “சாமி, இலை எத்தனைன்னு சொல்லாம நான் எப்படி உலை வைக்கிறது?” என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. எண்ணிக்கை தெரியாமல் சமைத்து, பற்றாக்குறை வந்தால் கெட்டுப்போவது அவர் பெயர். கடைசியில் இலைக் கணக்கை விட்டு அரிசிக் கணக்குக்கு வந்தோம். ஒரு கிலோ அரிசி நகரத்துப் பந்தியில் பத்து இலைக்கு வருமாம். எங்கள் ஊரில் ஏழு இலைக்கு வந்தாலே பெரிது என்று முதல் ஆண்டிலேயே கண்டுகொண்டதாகச் சொன்னார். அதன்படி 25 கிலோ மூட்டையாக ஒன்பது மூட்டைக்கு உலை வைப்பது, மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பேசுவது என்று முடிந்தது.

கட்டில் பின்னும் அந்த அம்மாவைச் சோற்றுக் குவியலுக்குப் பொறுப்பாகக் கேட்டுக்கொண்டேன். மூன்று முறை மறுத்துவிட்டு நாலாம் முறை சம்மதித்தார். சம்மதித்த பிறகு அவருடைய கண்டிப்பை யாராலும் தாங்க முடியவில்லை. கமிட்டியாரின் வீட்டுக்குத் தூக்குவாளியில் சோறு எடுத்துப்போக வந்த பையனை, பந்தி முடியட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார். சோறு ஆறுகிறது, மேலே துணியை மூடுங்கள் என்று மாஸ்டர் சொல்ல, மூடினால் வியர்த்துச் சோறு கசந்துபோகும் என்று இவர் மறுக்க, இருவருக்கும் அன்று முழுவதும் வழக்கு நடந்தது. அவ்வப்போது தலையைத் தூக்கிப் பந்தியைப் பார்ப்பார். இன்னார் வீட்டு மூத்தவன் வந்துவிட்டான், இளையவனைக் காணோமே, போய்ப் பார்த்து வா என்று யாரையாவது அனுப்புவார்.

அந்த ஆண்டு சேவையை மட்டும் வைத்துப் பார்த்தால் மதிப்பெண் குறைவுதான். எங்கள் வாலிபர்களுக்குப் பரிமாறத் தெரியவில்லை. ஒருவன் இரசத்தைச் சோற்றுக்கு முன்பாகவே கொண்டுவந்துவிட்டான், இன்னொருவன் ஒரு பெரியவரின் வெள்ளை வேட்டியில் குழம்பை ஊற்றினான். நாலு பந்தி ஐந்து பந்தியாகி, நாலு மணிக்குத்தான் முடிந்தது. பக்கத்துத் தெருவின் இந்துக் குடும்பங்களும், பள்ளிவாசல் தெருவிலிருந்து சில நண்பர்களும் வந்திருந்ததில் 1,560 இலை விழுந்தது. ஆடு முந்தின ஆண்டைப்போலவே 13 கிடாக்கள்தான் என்பதால் கடைசிப் பந்திக்குக் குழம்பு இருந்தது, கறி இல்லை. கடைசிப் பந்தியில் நானும் கமிட்டியாரும் உட்கார்ந்திருந்தோம் என்பது தற்செயல்தான். அதை யாரோ என் தாழ்மை என்று பாராட்டிப் பேச, நான் மறுக்காமல் இருந்துவிட்டேன்.

சமையல்காரர்களைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த மதிப்பீடு முறையாகாது. முதல் ஆண்டு அவர்கள் 12 பேரும் எங்கே சாப்பிட்டார்கள் என்று எனக்கு நினைவே இல்லை. பிறகு கேட்டபோது, எல்லாம் முடிந்து அண்டா கழுவிய பின், வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டே சாப்பிட்டதாகவும், எங்கே போனாலும் அதுதான் வழக்கம் என்றும் மாஸ்டர் சாதாரணமாகச் சொன்னார். ஒரே பந்தியைப் பற்றி ஆராதனையில் இருபது நிமிடம் பிரசங்கம் பண்ணிவிட்டு வந்தவன் நான். மூன்றாம் ஆண்டு இரண்டாம் பந்தியில் அவர்களுக்கு இலை போட்டுவைத்து அழைத்தோம். அடுப்பை விட்டுவிட்டு வர முடியாது என்று மாஸ்டர் தயங்க, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சோற்றுக் குவியலிலிருந்து அந்த அம்மாவே எழுந்து போய் அடுப்படியில் நின்றார். மாஸ்டர் சாப்பிட்டுக்கொண்டே நாலு முறை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். இலையை மூடிவிட்டு எழுந்தவர், குழம்பில் ஒரு கல் உப்பு குறைவு, யாரும் சொல்லவில்லையே என்றார். தம் குழம்பைச் சூடான சோற்றில் ஊற்றி, உட்கார்ந்து சாப்பிட்டுப் பல வருடம் ஆகிறதாம்.

மூன்றாம் ஆண்டு பரிமாறுதலும் ஓரளவு தேறிவிட்டது. சீருடைப் பையன்களில் நாலு பேரை மட்டும் வரச்சொல்லி, எங்கள் வாலிபர்களோடு ஒருவருக்கொருவராக இணைத்துவிட்டோம். அவர்கள் பரிமாறக் கற்றுக்கொடுத்தார்கள், எங்கள் பிள்ளைகள் இன்னார் யார் என்று சொல்லிக்கொடுத்தார்கள். கிடாக்களையும் 15 ஆக்கினோம். மூன்று மணிக்கெல்லாம் முடிந்தது.

ஆகவே கேட்கிற சேகரங்களுக்கு என் பதில் இதுதான். சமையலுக்கு இந்தக் குழுவைத் தயங்காமல் அழைக்கலாம். எங்கள் பக்கத்தில் ஆட்டுக்கறிக் குழம்பை இந்த அளவில் இவ்வளவு சீராக வைப்பவர்களை நான் கண்டதில்லை. அரிசியும் ஆடும் நம்முடையதாக வைத்துக்கொண்டு, மூட்டைக் கணக்கில் கூலி பேசுங்கள். இலைக் கணக்கில் பேசினால் டோக்கன் தானாக வந்துவிடும். மசாலாவை அவர்கள் விருப்பத்துக்கு விட்டுவிடலாம், இரசத்துக்கு மட்டும் பெருங்காயத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் இரண்டு விதமாக இருக்கும் ஊர் என்றால் முன்பே தெரிவியுங்கள். பண்டிகைக் காலத்தில் அவர்களுக்கு நாள் கிடைப்பது கடினம் என்பதால் பொங்கலுக்கு முன்பே முன்பணம் கொடுத்துவிடுவது நல்லது. 300 பேருக்குக் குறைந்த சபையானால் அவர்களை அழைக்கவே வேண்டாம். நீங்களே சமையுங்கள், கொஞ்சம் குழைந்தால் குழையட்டும்.

வரும் மே மாதத்துக்கு முன்பணம் கொடுக்கப் போன வாரம் செயலரோடு போயிருந்தேன். மாஸ்டர் நோட்டைத் திறந்து நாளைக் குறித்துக்கொண்டார். வழக்கமாக இலை எத்தனை என்று கேட்கும் இடத்தில் பேனாவை நிறுத்தி, சோற்றுக்கு அந்த அம்மாதான் நிற்பார்களா என்று கேட்டார். அவர்தான் என்றேன். அப்படியானால் குவியலை மூட ஈரத்துணி கொண்டுவரவில்லை என்று சொல்லி, நோட்டில் ஏதோ எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ஒன்பதரை மூட்டை என்று எழுதினார்.